நீலம் கூடிய முகங்கள்

மூன்று வருடங்களாக அவளுக்கும் அச்சகத்துக் கலர்காரருக்கும் ஒரே சண்டை. அவள் வரைந்து கொடுக்கும் படத்தை ஸ்கேன் செய்து, அச்சுக்கு வேண்டிய நான்கு நிறங்களாகப் பிரித்து, தகடு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அச்சாகி வரும் உறையிலும் அட்டையிலும் அவள் போட்ட நிறம் இருப்பதில்லை. முகங்களில் மஞ்சள் ஏறியிருக்கும். நிழல்கள் சப்பென்று கிடக்கும்.

“என் நீலத்தை எல்லாம் எங்க கொண்டுபோய்ப் புதைக்கிறீங்க, கலர்காரரே?” என்று போனில் கேட்பாள்.

“மெஷின் பழசு, எறும்பக்கா. நான் என்ன பண்றது?”

“போன வருஷம் புது மெஷின் வாங்கினீங்கன்னு கேள்விப்பட்டேனே.”

“அது இன்னும் கைக்குப் பழகல.”

அடுத்த முறை காகிதத்தின் மேல் பழி விழும். அதற்கடுத்த முறை மழை ஈரம். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதைதான்” என்று சொல்லி அவள் போனை வைத்துவிடுவாள். வைத்த கையோடு, அச்சில் போகிற அளவுக்கு ஈடுகட்ட, அடுத்த படத்தில் நீலத்தை இன்னும் ஒரு பங்கு கூட்டிப் போடுவாள்.

எறும்பு என்பது வேலையிடம் வைத்த பெயர். பத்தொன்பது வயதில் ஒரு வாரப் பத்திரிகையின் ஓவியப் பிரிவில் சேர்ந்தாள். ஏழு ஆண்கள் இருந்த அறையில் கடைசி ஸ்டூல் அவளுக்கு. தன்னைவிடப் பெரிய வரைபலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைப் பார்த்துப் பக்கம் கட்டுகிறவர் அந்தப் பெயரை வைத்தார். போர்த் தொடர்கதைக்குப் படம் போட்டது ஒரு பெண் என்று தெரிந்தால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள் என்றார் ஆசிரியர். அதனால் கையெழுத்துக்குப் பதில் மூன்று புள்ளிகள் வைத்தாள்: தலை, இடுப்பு, வயிறு. நாற்பத்திரண்டு வருடங்களாக அந்த மூன்று புள்ளிகள்தான். தொடர்கதை நாயகிகள், சோப்பு உறைக் குழந்தை, பள்ளிப் புத்தகத்தில் மேகம் மழையாகும் விதம், விதைப் பொட்டலத்துத் தக்காளி, பிரஷர் குக்கர் மூடியை எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்டும் அம்புக்குறி எல்லாம் வரைந்தாயிற்று. ஊரில் பாதி அலமாரிகளில் அவள் கை பட்டது ஏதாவது ஒன்று இருந்தது. யாரும் அவளைக் கேள்விப்பட்டதில்லை.

வேலை குறையத் தொடங்கிய ஐம்பத்தெட்டாவது வயதில் தனக்காக வரைய ஆரம்பித்தாள். தெரிந்த பெண்களைக் கூப்பிட்டு மாடி அறையில் ஜன்னலோரம் உட்காரவைத்து, ஆளுயரத்தில் பாதி இருக்கும் கேன்வாஸில் முகத்தை மட்டும் வரைந்தாள். புத்தகம் தைக்கிற பைண்டிங்காரி, பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள், நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் என்று மூன்று வருடங்களில் பதினொரு முகங்கள். பதினொன்றாவது அவள் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டாவதாகத் தையல்காரியின் முகம் பாதியில் நின்றது. இவை எதுவும் அச்சுக்குப் போகவில்லை. கலர்காரர் இவற்றைப் பார்த்ததே இல்லை.

பழைய பத்திரிகைப் படங்களைத் தேடி ஒருநாள் வீட்டுக்கு வந்த கேலரிக்காரம்மா, சுவரில் சாய்த்து வைத்திருந்த முகங்களைக் கண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். வேகமாகப் பேசுகிறவள், வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்.

“இந்த நீலம், மேடம். எப்படி இதைச் செய்யத் தோணுச்சு உங்களுக்கு?”

பின்னணியில் தொங்கும் திரைச்சீலையின் நீலத்தைச் சொல்கிறாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள். “அது வீட்டுல கிடந்த துணிதான்” என்றாள். கேலரிக்காரம்மா சிரித்தாள். தன்னடக்கம் என்று நினைத்திருக்க வேண்டும். பன்னிரண்டும் முடிந்ததும் கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. சுவரில் அவளுடைய முழுப்பெயர் எழுதப்படும். சின்னவளின் முகம் நடுவில்.

அறுபத்தொரு வயதில் முதல் கண்காட்சி. தேதி குறித்தபிறகு தையல்காரி முடிய மறுத்தாள். இமை மயிர்கள் சேர்ந்து ஒரு கோடாகத் தெரிந்தன. எதிரே உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்த ஊசியின் காது தெரியவே இல்லை. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.

“ரெண்டு கண்ணுலயும் புரை. வலது நல்லா முத்திடுச்சு. இதை வச்சுக்கிட்டா படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க?”

“வரைஞ்சது நல்லாத்தான் வந்துச்சு.”

“இருக்கலாம். எனக்குப் படம் தெரியாது” என்றார் டாக்டர். வலது கண்ணுக்கு உடனே, இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து என்று எழுதிக் கொடுத்தார். கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. ஒரு கண் தெளிந்தால் தையல்காரியை முடித்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கட்டுப் பிரித்த அன்று கணவர் பக்கத்தில் நின்றார். குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர்.

“நல்லாப் பார்த்துக்கோ. கேரண்டி முடிஞ்சு பல வருஷமாச்சு. இனிமே திருப்பிக் குடுக்க முடியாது.”

“ஏங்க, இந்தச் சட்டை வெள்ளையா?”

“வாங்கின நாள்லேர்ந்து வெள்ளைதான்.”

“க்ரீம் கலர்னு நினைச்சேன்.”

“அதான் ஒரு நாளும் நல்லாத் துவைச்சிருக்கேன்னு சொல்லல நீ” என்றார்.

எல்லாம் நீலம் பூத்துத் தெரியும், பத்து நாளில் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படித்தான் இருந்தது. பால், படுக்கை விரிப்பு, குளியலறைத் தொட்டி எல்லாமே சலவைக்காரன் கை தவறி நீலம் அதிகமாகப் போட்டதுபோல. மூன்றாம் நாள் மாடி அறைக்குப் போனாள். பதினொரு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கன்னத்தின் கீழும் கண்குழியிலும் உதட்டோரத்திலும் நீலம். மூக்கின் பக்கச் சரிவில் கரு ஊதா. தண்ணீருக்குள் வெகு நேரம் இருந்துவிட்டு வந்தவர்களைப் போல அவளைப் பார்த்தார்கள். புதுக் கண்ணின் கோளாறு என்று கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தாள்.

பத்து நாள் காத்திருந்தாள். ஐந்தாம் நாள் பால் வெள்ளையாயிற்று. ஏழாம் நாள் தொட்டி. ஒன்பதாம் நாள் காலையில் கணவரின் முகத்தில் இருந்த நீலமும் போய், மூக்கில் சிவப்பு நரம்புகள் உட்பட அவர் முகம் அவர் முகமாயிற்று. மாடிக்குப் போனாள். பதினொரு பேரும் அப்படியேதான் நின்றார்கள்.

வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தாள். இடது கண்ணில் அவர்கள் அவள் வரைந்தபடியே, சூடாக, மாலை வெயில் பட்டவர்களாக இருந்தார்கள். கையை எடுத்து இடது கண்ணை மூடினாள். சூடு போயிற்று. மாற்றி மாற்றி மூடிப் பார்த்ததில் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேசையில் சாயக் குழாய்கள் கிடந்தன. மற்றக் குழாய்களில் பாதிக்கு மேல் இருந்தது. நீலக் குழாய்கள் மட்டும் கடைசிவரை பிதுக்கிச் சுருட்டப்பட்டிருந்தன.

மறுநாள் கேலரிக்காரம்மா அழைப்பிதழை எடுத்துக்கொண்டு கோபமாக வந்தாள்.

“பாருங்க மேடம், பிரஸ்காரங்க கெடுத்து வச்சிருக்காங்க. நீங்க எப்பவும் குடுக்கிற இடம்னு சொன்னீங்களேன்னு அங்கயே குடுத்தேன். உயிரே போயிடுச்சு. திரும்ப அடிக்கச் சொல்லப் போறேன்.”

அழைப்பிதழில் சின்னவள் இருந்தாள். கன்னத்தில் மெல்லிய பழுப்பு, நெற்றியில் வெளிச்சம், உதடு உதட்டின் நிறத்தில். முப்பது வருடம் வார்டு வார்டாக நடந்த, மதியம் தூங்கினால் கோபம் வரும், அவள் உடன்பிறந்த சின்னவள்.

“இது எந்தப் படம்?” என்றாள்.

“உங்க தங்கை படம்தானே. தெரியலையா?”

“தெரியுது” என்றாள்.

கேலரிக்காரம்மா போனதும் அழைப்பிதழைப் பையில் போட்டுக்கொண்டு அச்சகத்துக்குப் போனாள். மூன்று வருடமாகப் போனிலேயே சண்டை போட்டதால் இதுவரை நேரில் போயிருக்கவில்லை. கலர்காரரின் அறை மாறவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை, நூலில் கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. அவளைவிட ஐந்து வயது சின்னவர். தலை முழுக்க நரைத்திருப்பதை இன்றுதான் பார்க்கிறாள். அழைப்பிதழை மேசையில் வைத்தாள்.

“எப்போலேர்ந்து?”

“எது, எறும்பக்கா?”

“பூசி மெழுகாதீங்க. வலது கண்ணு ஆபரேஷன் ஆயாச்சு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“சோப்பு உறைக் குழந்தையைத் திரும்ப வரைஞ்சு குடுத்தீங்களே, அதுலேர்ந்து. கன்னம் கத்தரிக்கா மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை கை தவறிடுச்சுன்னு நினைச்சேன். அடுத்த படமும் அப்படியே.”

“சொல்ல வேண்டியதுதானே.”

“சொல்லத்தான் போன் பண்ணேன். எடுத்த எடுப்புல, என் நீலம் எங்கன்னு கேட்டீங்க. நீங்க பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலு.”

“அதுக்குப் பயந்துட்டீங்களாக்கும்.”

“அதுக்கில்ல.” குரலைத் தாழ்த்தினார். அறையில் வேறு யாரும் இல்லை. “அந்த வருஷம்தான் கையால வரையறவங்களை ஒவ்வொருத்தரா நிறுத்திக்கிட்டிருந்தாங்க. எறும்புக்குக் கண்ணு போயிடுச்சாம்னு ஒரு வார்த்தை வெளிய போனா அத்தோட முடிஞ்சுது. நான் இங்க சரி பண்ணிட்டா யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“எனக்கும்தான்.”

அவர் குனிந்து மேசை விளக்கை அணைத்தார்.

“நீங்க குறைக்கிறீங்கன்னு நான் ஏத்துனேன்” என்றாள்.

“நீங்க ஏத்துறீங்கன்னு நான் குறைச்சேன்.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. வந்த இடத்திலேயே நின்றும் போனது.

“இந்தப் படம் எதுக்குன்னு நினைச்சீங்க?”

“ஏதோ மாத்திரைக் கம்பெனி காலண்டர்னு நினைச்சேன். உள்ள வாசகம் வேற ஆள் அடிச்சது. எனக்குப் படம் மட்டும்தான் வரும்.”

“என் கண்காட்சி. பன்னெண்டு படம். பதினொண்ணு முடிச்சாச்சு. இதைத் தவிர எதுவும் உங்க கைக்கு வந்ததில்ல.”

கலர்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். “எல்லாமே முகமா?” என்றார் மெதுவாக.

மறுநாள் சின்னவள், அக்காவின் கண்ணுக்கு மருந்து விட வந்தாள். அதை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். அத்தான் விட்டால் பாதி காதுக்குப் போகிறது என்பது அவள் புகார். மருந்து விட்டு, பஞ்சால் ஒற்றி, கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். மூடிய கண்ணோடு கேட்பது அக்காவுக்கு எளிதாக இருந்தது.

“உன் படத்தைப் பார்த்தப்போ உனக்கு என்ன தோணுச்சு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“நல்லாத்தான்னா?”

“நல்லாத்தான்னா நல்லாத்தான். இப்ப என்ன அதுக்கு?”

“முகம் நீலமா இருந்துச்சே. ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

சின்னவள் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகுவது கேட்டது. திருகி முடிந்த பிறகும் திருகினாள்.

“அந்தக் கலர் எனக்குத் தெரியாதாக்கா? முப்பது வருஷம் பார்த்த கலர். உடம்புல காத்து குறைஞ்சா உதடு அப்படித்தான் ஆகும். நீ ஆறாவது நாள் உதட்டை வரைஞ்சே. டீ குடிக்க எழுந்தப்போ பார்த்தேன். அன்னிக்கே போய் நெஞ்சுக்குப் படம் எடுத்தேன். ரத்தம் டெஸ்ட்டுக்குக் குடுத்தேன். ஒண்ணுமில்லன்னாங்க. வேற ஆஸ்பத்திரியில எடுத்தேன். அங்கயும் ஒண்ணுமில்லன்னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. மெஷின் பார்க்காததை நீ பார்த்துட்டேன்னு நினைச்சேன். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே. ஜுரம் வர்றதுக்கு முன்னாடியே, உன் முகம் சரியில்ல, போய்ப் படுன்னு சொல்லுவே. ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. தெரிஞ்சும் சொல்ல மனசில்லாம வரைஞ்சு காட்டுறேன்னு நினைச்சேன்.”

அக்கா கண்ணைத் திறந்தாள். மருந்தில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. புரையைச் சொன்னாள். கலர்காரரைச் சொன்னாள். சுருட்டிய நீலக் குழாய்களைச் சொன்னாள். சின்னவள் முழுதும் கேட்டாள். பிறகு பஞ்சை எடுத்து அக்காவின் தோளில் எறிந்தாள். அதில் கனமே இல்லாததால் இன்னும் கோபம் வந்தது.

“அஞ்சு மாசம், அக்கா.”

“தெரியாதுடி.”

“பீரோ சாவியை மருமககிட்டக் குடுத்துட்டேன். எதுக்கு அத்தைன்னு கேட்டா, வயசாகுதில்லன்னேன். இப்ப என்னன்னு சொல்லித் திருப்பி வாங்குறது? சாகலைன்னா?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுகையை நிறுத்தியதும் கேட்டாள்: “அது அப்படியேதான் தொங்கப் போகுதா?”

“அதுதான் நடுவுல.”

“சரி, தொங்கட்டும். நான் வரல.”

தங்கை போனபின் மாடி அறையில் அந்தப் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்திரண்டு வருடம் படம் விற்றவள். நல்லது எது, சுமார் எது என்று சொல்ல அவளுக்கு யாரும் வேண்டாம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, யாரோ ஒருத்தி வரைந்ததாக நினைத்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை. சோப்பு உறைகளிலும் அட்டைகளிலும் அவள் செய்யாத ஒன்று அதில் இருந்தது. முகம் அழகாக இருக்க முயலவில்லை. அந்த நீலத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள், வரைகிறவளிடம் ஏதோ கேட்க வந்து கேட்காமல் நின்றன. அந்தப் பார்வையை வரைந்த அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. எட்டாவது நாளா, ஒன்பதாவது நாளா என்று யோசித்தாள். ஆறாவது நாளுக்குப் பிறகுதான். தங்கையின் பயத்தை அவள் துல்லியமாகப் பார்த்திருக்கிறாள். அதற்குக் காரணம் எதிரே தன் பலகையில் இருந்த உதடு என்பது மட்டும் தெரியவில்லை.

இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் சின்னவளுக்குப் போன் செய்தாள்.

“வந்து உட்காரு. ரெண்டு காலை போதும்.”

“எதுக்கு?”

“திருத்தப் போறேன்.”

சின்னவள் வந்தாள். அக்காவின் இடது கண்ணில் பஞ்சு வைத்து அவளே ஒட்டினாள். அக்கா வேலையைத் தொடங்கினாள். சீக்கிரம் காயும் சாயம்தான், மேலே மேலே மெல்லிசாகப் பூசலாம். நீலத்தின் மேல் பழுப்பு, அதன் மேல் செம்மண் நிறம், நெற்றிக்கு வெளிச்சம். தோல் சரியானதும் கண்கள் பொருந்தாமல் துருத்தின. அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் கண்ணில் இப்போது பயம் இல்லை. சாவியை வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மருமகள் பீரோவை அடுக்கித் துடைத்து, தேவையில்லாததை எடுத்துப் போட்டிருக்கிறாள். “இருபது வருஷப் பழைய புடவையெல்லாம் எதுக்கு அத்தைன்னு கேக்குறா. நான் செத்தாத்தானே அதைக் கேக்கணும்?”

“வாயை மூடு. உதடு வரையணும்.”

இரண்டாம் நாள் மதியத்துக்குள் முடிந்தது. கைக்குத் தெரிந்த முகம். எங்கே ஒளி, எங்கே சிரிப்பின் தொடக்கம் என்று தூரிகைக்கே தெரியும். சின்னவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு வெகு நாள் கழித்து மூச்சை முழுதாக விட்டாள்.

“இப்பதான் நான் மாதிரி இருக்கேன்.”

கணவர் அழைப்பிதழைப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்த்தார். “மீட்டரும் கணக்கும் சரியா இருக்கு” என்றார்.

படங்களை எடுத்துப் போக வந்த கேலரிக்காரம்மா சின்னவளின் முகத்தின் முன்னால் நின்றாள். நின்றவள் திரும்பவில்லை.

“என்ன பண்ணிட்டீங்க, மேடம்?”

அவள் புரையைச் சொன்னாள். மறைக்காமல் முழுதும் சொன்னாள். கேலரிக்காரம்மா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து கேட்டாள்.

“மத்ததெல்லாம்?”

“தொடல.”

“ஏன்?”

“அவங்க யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல.”

பாதி உண்மைதான். மற்றவற்றைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. தையல்காரியைக்கூடப் பாதியிலேயே விட்டிருந்தாள். வலது கண்ணோடு நாலு முறை பலகைக்கு முன்னால் நின்று நாலு முறையும் தூரிகையைக் கழுவி வைத்தாள்.

“நான் பொய் சொல்லச் சொல்லல” என்றாள் கேலரிக்காரம்மா. “யாராவது கேட்டாச் சொல்லுங்க. கேக்காதப்போ நாமளா எதுக்குச் சொல்லணும்? படம் நல்லாருக்கு. எப்படி வந்துச்சுங்கிறது உங்க வீட்டு விஷயம்.”

கலர்காரரும் இதைத்தான் வேறு மாதிரி சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது. எல்லோரும் அவளுக்கு நல்லதையே செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கண்காட்சி தொடங்கியது. பைண்டிங்காரி நடுவில் தொங்கினாள். சின்னவளின் முகம் கழிவறைக்குப் போகும் வழியில், தனியாக ஒரு சிறு சுவரில். பாதியில் நின்ற தையல்காரியையும் மாட்டியிருந்தார்கள். அதுவும் வேண்டும் என்று கேலரிக்காரம்மா பிடிவாதம் பிடித்திருந்தாள். சுவரில் முழுப்பெயர் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு அவளை வேறு யாரோ என்று நினைத்துக் கடந்து போனார்கள். கலர்காரர் சீக்கிரமே வந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

குறிப்பேடு வைத்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் அவளிடம் வந்தார். முகங்களுக்கு இந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். கேலரிக்காரம்மா தூரத்திலிருந்து பார்ப்பது தெரிந்தது.

“தேர்ந்தெடுக்கல. கண்ணுல புரை இருந்துச்சு. நீலம் தெரியல. தெரியலன்னு இன்னும் போட்டேன்.”

அவர் எழுதிக்கொண்டார். எந்த வருடத்திலிருந்து, எந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று என்று விவரம் கேட்டார். நல்ல நிருபர். பேனாவை மூடப் போனவர் மூடாமல் கேட்டார்: “புரை வர்றதுக்கு முன்னாடி எப்பவாவது இவ்வளவு நல்லா வரைஞ்சிருக்கீங்களாம்மா?”

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“இல்ல” என்றாள்.

அவர் போகிற வழியில் சின்னவளின் முகத்தின் முன்னால், மரியாதைக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் நின்று, நகர்ந்தார். வரமாட்டேன் என்றிருந்த சின்னவள் வந்திருந்தாள். அந்தச் சிறு சுவரின் பக்கத்திலேயே, விலாசம் சொல்ல நிற்பவளைப் போல, தோளில் பையோடு நின்றாள். நடந்த பேச்சு முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது.

“எனக்காகக் கெடுத்துட்டியா?” என்றாள்.

“இல்ல. அது சரியா இல்ல.”

“எத்தனை நோயாளி என்கிட்ட, வலிக்கல சிஸ்டர்னு சொல்லியிருப்பாங்க தெரியுமா?” சின்னவள் அக்காவின் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தாள். “இடது கண்ணுக்குத் தேதி வாங்கிட்டியா?”

“வாங்கணும்.”

“ஒரு மாசம்னு சொன்னார். ஆச்சு. நீ வாங்கல.”

“வேலை இருந்துச்சு.”

“என்ன வேலை? தையல்காரியை அப்படியே போட்டு வச்சிருக்கே. அத்தான் சொன்னார்.” குரல் தணிந்தது. “அக்கா, அந்தப் புரையை விட்டு வைக்கலாம்னு நினைக்கிறியா?”

அவள் பார்வை பைண்டிங்காரியின் பக்கம் போனது.

“முத்தினா உள்ளயே கரைஞ்சு கண்ணே போயிடும். நான் பார்த்திருக்கேன். அப்ப நீலமும் தெரியாது, மஞ்சளும் தெரியாது.”

“தெரியும்டி.”

சின்னவள் பையிலிருந்து போனை எடுத்து, கண் ஆஸ்பத்திரியை அழைத்தாள். நர்ஸுகளுக்கே உரிய குரலில் அக்காவின் பெயர், வயது, முதல் ஆபரேஷன் தேதி எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு போனை நீட்டினாள். “வர்ற புதனா, அடுத்த மாசமான்னு கேக்குறாங்க. நீயே சொல்லு.”

அவள் போனை வாங்கினாள். அறையின் நடுவில் பைண்டிங்காரியின் முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தன்னை அறியாமல் கன்னத்தில் கை வைத்துத் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களாம்மா?” என்றது போன்.

“இருக்கேன். வர்ற புதன்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த மூவரின் பின்னால் போய் நின்றாள். இடது கண்ணுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பைண்டிங்காரியைப் பார்த்தாள்.